பொன்னாடை வேண்டாமாம், நடுமடையைக் கட்டணுமாம்: கண்மாய்க் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

ஊரில் இருக்கும் எல்லாருக்கும், பிழைப்புக்காகத் திருப்பூர், சென்னை, துபாய், சிங்கப்பூர் என்று போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும், இந்த ஊரில் பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் அனைவருக்கும் கண்மாய்க் குழுவின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். போன கோடையில் நம் கண்மாயில் இறங்கி வேலை பார்த்தவர்களுக்கும், பணமாகவும் பொருளாகவும் தந்தவர்களுக்கும் ஊர் சார்பில் மரியாதை செய்ய வேண்டும் என்று தை மாதக் கூட்டத்தில் பேச்சு வந்தது. வழக்கம்போலப் பந்தல், மைக் செட், ஆளுக்கு ஒரு பொன்னாடை, ஒரு கேடயம் என்று செலவுக் கணக்குப் போட்டோம். அப்புறம் யாருக்கு மரியாதை செய்கிறோமோ அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வீடு வீடாகப் போனோம். கேட்ட இடத்திலெல்லாம் ஏறக்குறைய ஒரே பதில்தான் வந்தது: "அந்தக் காசுல நடுமடையைச் சரி பண்ணுங்க." கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற மடை அது.

சரி, அப்படியே செய்வோம் என்று முடிவெடுத்தோம். அவர்களுக்கான மரியாதையை அவர்கள் கேட்ட மடையாகவே கட்டிக் கொடுப்பது, அந்த மடை அருகில் கரையில் ஒரு கல் நட்டு அவர்கள் பெயர்களை வெட்டி வைப்பது, இந்த இரண்டுக்கும்தான் உங்களிடம் உதவி கேட்கிறோம்.

போன வருஷம் என்ன நடந்தது என்று வெளியூரில் இருப்பவர்களில் பலருக்கு முழுசாகத் தெரியாது. கைப்பேசியில் ஹிட்டாச்சி மண் அள்ளும் வீடியோவை மட்டும் பார்த்திருப்பீர்கள். எந்திரம் வருவதற்கு முன்னால் நடந்த வேலைதான் பெரிசு. கண்மாய் முழுக்க சீமைக்கருவேலம். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்ன சமயத்தில் நம் மாவட்டத்தில் எல்லா ஊரிலும் வெட்டினார்கள், நாமும் வெட்டினோம். ஆனால் மேலோடு வெட்டினால் அது சாகாது, தூரிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகக் கிளைத்துவிடும். இந்த முறை தூரோடு தோண்டி எடுக்கணும் என்று பிடிவாதமாக நின்றவர்கள் நம் இளைஞர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் லீவு, அன்றைக்கும் விடியற்காலையிலேயே கடப்பாரையோடு வந்து நின்றார்கள். காலில் முள் ஏறிச் சீழ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பையன் அடுத்த வாரமே திரும்ப வந்தான். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் அந்த வேலை முடிந்த கையோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரத்துக் கால்வாய்க்கு வந்தார்கள். மேல் கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கைத் தாண்டி வரும் தண்ணீர் நமக்கு வந்து சேர அந்தக் கால்வாய் ஒன்றுதான் வழி. அது தூர்ந்து கிடந்தவரை மழை பெய்தும் நமக்குப் பிரயோஜனம் இல்லாமல் இருந்தது. அந்தக் கால்வாயைத் திறந்தது எந்திரம் இல்லை, அந்தப் பெண்கள்.

எந்திரம் உள்ளே இறங்க வழியில்லாமல் நின்றபோது ஒரு அக்கா தன் மிளகாய்க் கொல்லை வழியாகப் போகச் சொன்னார். பங்குனி மாதம், செடியில் பழம் நிற்கிறது. நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், அந்த மிளகாய்தான் அவருக்கு வருஷத்துக்கான வருமானம். இரண்டு வரிசைச் செடியைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டு வழி விட்டார். நஷ்டஈடு தருகிறோம் என்றோம், வாங்கவில்லை. இதை நன்கொடைப் பட்டியலில் எந்தத் தொகையாக எழுதுவது? இந்தக் கேள்விதான் எங்களைக் கல்லைப் பற்றி யோசிக்க வைத்தது, அதைப் பின்னால் சொல்கிறோம்.

டிராக்டர் வைத்திருப்பவர்கள் டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு நடை அடித்தார்கள். 2024-லிருந்து வண்டல் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்திலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று ஆனது நமக்குப் பெரிய உதவியாக இருந்தது, அந்த மனுக்களை எழுதி, பட்டா நகல் சேர்த்து, அலைந்து அனுமதி வாங்கித் தந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கரை நெடுகப் பனங்கொட்டை ஊன்றினார்கள். டீக்கடைக்காரர் வேலை நடந்த நாளெல்லாம் தூக்குவாளியில் டீ கொண்டுவந்தார். வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணம் வந்திருக்காவிட்டால் ஹிட்டாச்சி வந்திருக்காது, அதையும் சந்தோஷமாகச் சொல்கிறோம். ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு, பெயர் எழுதாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நடுமடை. அது பழைய கல்மடை. கண்மாய்க்குள்ளே இரண்டு கல்தூண், அடியில் தொட்டி, தொட்டியின் மேல்மூடியில் ஓட்டை, அதை அடைக்கிற கல். கல்லைத் தூக்கினால் தண்ணீர் சுருங்கைக்குள் இறங்கி, கரைக்கு அடியிலேயே போய் வயல் வாய்க்காலில் விழும். அடியில் இருக்கிற சின்னத் துளைகள் வழியாகச் சேறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே வெளியேறிவிடும். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள், பாய்ச்சலும் தூர் எடுப்பும் ஒரே நேரத்தில் நடக்கிற அமைப்பு அது. இன்றைக்கு அடைகல் இல்லை, தொட்டி உடைந்து கிடக்கிறது, சுருங்கையின் கற்கள் விலகியிருக்கின்றன. வருஷா வருஷம் மணல்மூட்டையும் வைக்கோலும் வைத்து அடைக்கிறோம். கழுத்தளவுத் தண்ணீரில் இருட்டில் முங்கி மூட்டையை எடுப்பவர் நம் நீர்ப்பாய்ச்சிதான், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் அப்பாவும் அதே வேலைதான், களத்தில் அளக்கிற நெல்தான் கூலி. ஒவ்வொரு முறை அவர் முங்கும்போதும் கரையில் நிற்பவர்களுக்கு உயிர் கையில் இருக்காது.

அதைவிடப் பெரிய பயம், கசிவு. சுருங்கைக்கு வெளியே ஓரமாக ஊறும் தண்ணீர் கரை மண்ணை உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போகும். மேலே பார்த்தால் கரை நன்றாகத்தான் இருக்கும். போன வருஷம் தூர் எடுத்ததால் இப்போது தண்ணீர் முன்பைவிட அதிகமாக நிற்கிறது, கரை மேல் அழுத்தமும் அதற்குத் தகுந்த மாதிரி கூடிவிட்டது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கண்மாய் பெருகி நிற்கும்போது அந்த இடம் உடைந்தால் ஒரு ராத்திரியில் எல்லாம் போய்விடும். நமக்கு வைகைத் தண்ணீர் பாத்தியதை கிடையாது, வானம் பார்த்த கண்மாய். மழை மாதங்களில் பிடித்து வைப்பதுதான் தை அறுவடை வரைக்கும் நெல்லைக் காப்பாற்றணும்.

நம் மாவட்டத்தில் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று சொல்வார்கள். நமக்கு இருப்பது மூன்றே மடை, அதில் பாதிக்கு மேற்பட்ட ஆயக்கட்டு, அதாவது கண்மாய்ப் பாசன நிலம், நடுமடைப் பாசனம்தான்.

செய்யப்போகும் வேலை இதுதான். கல்தூண்களை அப்படியே வைத்துக்கொண்டு, சுருங்கையைப் பிரித்துக் கான்கிரீட் குழாய் பதித்து, தொட்டியைத் திரும்பக் கட்டி, கரை மேலிருந்தே திருகித் திறக்கிற இரும்பு ஷட்டர் வைப்பது. இனி யாரும் முங்க வேண்டியதில்லை. கூடவே கலுங்கின் பின்பக்கம் அரித்துப்போன தளத்துக்குக் கல் பாவிப் பூசுவது. நாற்பது ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு என்பதால் நம் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் கீழ் வருகிறது, ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடு போட்டுத் தந்திருக்கிறார், அனுமதிக் கடிதமும் கையில் இருக்கிறது.

மடைக்கு 2,80,000 ரூபாய், கலுங்குக்கு 1,10,000, கல்லுக்கும் எழுத்து வெட்டுவதற்கும் 35,000, போன வருஷம் ஹிட்டாச்சிக்காரருக்குப் பாக்கி 45,000. அவர் ஒரு தடவைகூட நெருக்கிக் கேட்கவில்லை, அதனாலேயே அதை முதலில் தீர்க்க வேண்டும் என்று நினைக்கிறோம். மொத்தம் 4,70,000. கையில் இருப்பது 1,60,000. இன்னும் 3,10,000 வேண்டும்.

கல்லைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் கூட்டத்தில் அதிகம் வாக்குவாதம் நடந்தது இதில்தான். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தொகையோடு போடணும், அப்போதுதான் அடுத்தவர்கள் கொடுப்பார்கள் என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் லட்சம் கொடுத்தவர் பெயர் மேலே, கடப்பாரை பிடித்தவர் பெயர் கீழே என்று ஒரு கல் நம் கரையில் நிற்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. மிளகாய்க் கொல்லையை விட்டுக்கொடுத்த அக்காவை எந்த வரிசையில் வைப்பீர்கள்? ஆகவே எல்லாப் பெயரும் அகர வரிசையில், ஒரே அளவு எழுத்தில். தொகை இருக்காது, பட்டம் இருக்காது, பெயருக்குப் பின்னால் சாதி இருக்காது, கட்சி இருக்காது. பெயர் வேண்டாம் என்றவர்களுக்காகக் கடைசியில் "பெயர் சொல்லாதவர்கள்" என்று ஒரு வரி. பழைய கல்வெட்டுகளில் ஏரிக்கும் கோயிலுக்கும் தர்மம் செய்தவர்கள், இந்தத் தர்மத்தைப் பின்னால் காப்பாற்றுகிறவர்களின் பாதம் என் தலைமேல் என்று வெட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். கொடுத்தவன் காப்பவனின் காலைத் தலையில் வைத்துக்கொள்கிறான். நம் கல்லின் அடியிலும் இனிமேல் இந்தக் கரையைப் பார்த்துக்கொள்ளப் போகிற பிள்ளைகளுக்கு அதே மாதிரி ஒரு வரி வெட்டச் சொல்லியிருக்கிறோம்.

கொடுக்கிற விதம். குழுவின் கூட்டு வங்கிக் கணக்கு விவரம் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறது, மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது. வேறு எந்த எண்ணிலிருந்து யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். ரசீது உண்டு, வருமான வரிச் சலுகை கிடையாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்கள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டவர்கள் தயவுசெய்து குழுக் கணக்கில் நேரடியாகப் போட வேண்டாம், அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும், அதை வாங்க நமக்கு அனுமதி இல்லை. மனசு சங்கடப்பட வேண்டாம், விடுமுறையில் வரும்போது கரைக்கு வந்து ஒரு நாள் நில்லுங்கள், அதுவும் உழைப்புதான்.

பணம் முடியாதவர்கள் வருந்த வேண்டியதே இல்லை. சிமெண்ட் மூட்டையாகத் தரலாம், ஒரு லோடு ஜல்லி தரலாம், கொத்தனார், சித்தாள் வேலை தெரிந்தவர்கள் ஒரு நாள் உழைப்பைத் தரலாம். கான்கிரீட் போட்ட பின் மூன்று வாரமாவது தண்ணீர் ஊற்றி நனைக்கணும், அதற்குக் காலை மாலை ஆள் வேண்டும். ஆவணி கடைசியில் விதைப்பு தொடங்கிவிடும், அதற்கு முன்னால் மண் மூடி கரை இறுகியிருக்க வேண்டும் என்பதால் ஆனி பிறந்ததும் சுருங்கையைப் பிரிக்கிறோம். வைகாசிக்குள் உங்கள் பங்கு வந்து சேர்ந்தால் கடன் வாங்காமல் வேலையைத் தொடங்கலாம்.

வேலை முடிந்ததும் கரையிலேயே எல்லாருக்கும் ஒரு வேளைச் சாப்பாடு. அரிசி வீட்டுக்கு ஒரு படி, சமையல் நம் ஆட்களே. மேடை கிடையாது. புது ஷட்டரை முதலில் திருகித் திறப்பது நம் நீர்ப்பாய்ச்சி, இதில் மட்டும் கூட்டத்தில் ஒருவர்கூட மாற்றுக் கருத்துச் சொல்லவில்லை.

கல்லில் வெட்ட வேண்டிய பெயர்ப் பட்டியல் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, படமும் குழுவில் போட்டிருக்கிறோம். உங்கள் பெயரைத் தேடுவதோடு நிறுத்தாமல் உங்களுக்குப் பக்கத்தில் நின்று மண் சுமந்தவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டவர்களையும் எழுத்துப் பிழைகளையும் ஆனி முதல் வெள்ளிக்குள் குழுவில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள், அதற்கு அடுத்த நாள் பட்டியல் சிற்பியிடம் போகிறது.

கண்மாய்க் குழு