எர்மெட்டோவின் நாட்காட்டியை மாணவர்களிடம் கொடுங்கள்

பிரேசிலில் இசைப் பள்ளிகளை நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். பிரேசிலின் இசையமைப்பாளரும் பல வாத்தியக் கலைஞருமான எர்மெட்டோ பாஸ்கொவால் 2025 செப்டம்பர் 13 அன்று தமது 89ஆம் வயதில் மறைந்தார். அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே கெட்டிலை ஊதும் வெள்ளைத் தாடிக்காரரும், 1977இல் வந்த 'ஸ்லேவ்ஸ் மாஸ்' இசைத்தட்டில் உறுமும் பன்றிகளும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இது எனக்குப் பெரிய மனக்குறை.

அலகோவாஸ் மாநிலத்தில் லகோவா ட கனோவா என்ற சிற்றூரில் பிறந்தவர். பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாததால் வெயிலில் வயல் வேலைக்குப் போக முடியாது, பார்வையும் மங்கல். நாள் முழுக்கக் கேட்பதே அவருக்கு வேலை. தாத்தாவின் கொல்லுப்பட்டறையில் மிஞ்சிய இரும்புத் துண்டுகளைத் தொங்கவிட்டுத் தட்டினார். பூசணிக் காம்பில் குழல் செய்து பறவைகளுக்கு வாசித்தார். அப்பாவின், தாழ்சுருதிக்கு (பாஸ்) 8 பித்தான்கள் கொண்ட அக்கார்டியனில் கை பழகினார். 1970இல் அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்ததும், பிறகு ரியோவின் ஜாபூர் பகுதியில் குழுவினரை வீட்டிலேயே கூட்டித் தினமும் மணிக்கணக்கில் ஒத்திகை பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்தவைதாம்.

நான் கேட்க வந்தது வேறு. 1996 ஜூன் 23 முதல் ஓராண்டு, நாளுக்கொன்றாக அவர் மெட்டு எழுதினார். பிப்ரவரி 29ஐயும் விட்டுவைக்கவில்லை; மொத்தம் 366. இந்தத் தொகுப்பைத்தான் நாட்காட்டி என்கிறேன். உலகில் யார் எந்த நாளில் பிறந்திருந்தாலும் அவர்களுக்கென ஒரு பாட்டு இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவரே கையால் எழுதிய தாள்களில் மெட்டும் ஸ்வரக்கட்டுகளும் (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரங்கள், அதாவது கார்டுகள்) இருக்கின்றன. ஒரு ஸ்வரக்கட்டின் மேல் இன்னொன்றை ஏற்றி அவர் அடுக்கும் முறையை அவற்றைப் பார்த்தே கற்கலாம். கெட்டில் படத்தைக் காட்டி இதைக் கற்பிக்க முடியாது.

அனுமதிக்காக அலையவும் வேண்டாம். தம் இசையை இசைக்கலைஞர்கள் தாராளமாக வாசிக்கலாம், பதிவு செய்யலாம் என்று 2008இல் தம் கைப்படவே எழுதித் தந்துவிட்டார்.

ஆகவே, வரும் பிப்ரவரியில் வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொரு மாணவரிடமும் பிறந்த தேதியைக் கேளுங்கள். அந்த நாளுக்குரிய தாளைக் கையில் கொடுங்கள். பியானோ, குழல், கிட்டார் என்று எந்த வாத்தியமானாலும் சரி. ஆண்டிறுதித் தேர்வில் அதையே வாசிக்கட்டும்.

அன்புடன்,
எர்மெட்டோவின் ரசிகன்