2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. உடற்கல்வி ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும் சிலர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். சந்தா பாக்கியும் சேர்ந்துகொண்டே போகிறது. அதைப் பொருளாளர் தம் அறிக்கையில் சொல்வார், பெயர் சொல்லாமல் சொல்வார் என்று நம்புகிறேன்.

ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்குத் தலைமை ஏற்பது என்றால் என்ன என்பதை இந்த ஆண்டின் பேசுபொருளாக எடுத்தோம். அமெரிக்காவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அந்த வேலை அங்கேதான் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது. நாம் தொடங்கிய நேரமும் சரியாக அமைந்தது. 2025 ஜூன் 6 அன்று அமெரிக்க நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். அதுவரை படிப்புக்கான உதவித்தொகை தந்துவந்த பல்கலைக்கழகங்கள், இனி தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை வீரர்களுக்கு நேரடியாகவே தரலாம். 2025-26க்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கான உச்சவரம்பு ஏறக்குறைய 2.05 கோடி டாலர். முன்பு விளையாடியவர்களுக்கான இழப்பீடு தனி: சுமார் 280 கோடி டாலர், பத்தாண்டுகளில்.

இவ்வளவு பணம் எங்கிருந்து வரும்? இந்தச் சமரசத்தைப் பேசிய கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வி இதுதான். ஆண்டு முழுக்க நாம் பேசியதும் இதைத்தான் என்று சொல்லலாம்.

பெரிய பல்கலைக்கழகங்களில் காசு கொண்டுவருவது அமெரிக்கக் கால்பந்தும் ஆண்கள் கூடைப்பந்தும். கால்பந்து ஒளிபரப்பு உரிமையை, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. தன் கையில் வைத்திருந்ததை 1984இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் உடைத்த பிறகு, தொலைக்காட்சிப் பணம் வெள்ளமாக வந்தது. நீச்சல், மல்யுத்தம், துடுப்புப்படகு, வாள்வீச்சு எல்லாம் அந்த வருமானத்தின் நிழலில்தான் நிற்கின்றன. கால்பந்தின் முதல் நிலையில் இருக்க வேண்டுமென்றால் குறைந்தது 16 விளையாட்டுகளை நடத்தியாக வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் எத்தனை வைத்துக்கொள்வது என்பது விளையாட்டுத் துறைக்குத் தலைமை தாங்கும் இயக்குநரின் கையில். ஆள் வராத அரங்கில் நடக்கும் போட்டிகளை அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தாலே அவர் எப்படிப்பட்ட தலைவர் என்று தெரிந்துவிடும். இது என் கருத்து, செயற்குழுவின் தீர்மானம் இல்லை.

ஸ்டான்ஃபோர்டு பற்றிய கூட்டம்தான் இந்த ஆண்டின் சூடான கூட்டம். 2020 ஜூலையில் அந்தப் பல்கலைக்கழகம் தன் 36 விளையாட்டுகளில் 11ஐ நிறுத்தப்போவதாக அறிவித்தது. நிறுத்தப்படவிருந்தவற்றில் ஒன்றான மல்யுத்த அணியின் ஷேன் கிரிஃபித் அடுத்த மார்ச்சில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லாத கறுப்பு உடையில் களமிறங்கி தேசிய சாம்பியன் ஆனார். முன்னாள் மாணவர்கள் திரண்டார்கள், வழக்குகள் வந்தன, 2021 மே மாதம் முடிவு திரும்பப் பெறப்பட்டது. நம் உறுப்பினர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பற்றாக்குறையை மறைக்காமல் சொன்ன நிர்வாகத்தைப் பாராட்ட வேண்டும் என்றது ஒரு கட்சி. வீரர்களையும் பழைய மாணவர்களையும் கூப்பிட்டுக் கேட்காமல் அறிவித்ததுதான் கோளாறு என்றது மற்றது. பொருளாளர் முதல் கட்சி, நான் இரண்டாவது. பிறகு வந்து நின்றவர்கள், முன்பே கேட்டிருந்தால் வந்திருக்க மாட்டார்களா? அப்புறம் தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம், யாரும் இறங்கிவரவில்லை.

மகளிர் பிரிவு தனியாக ஒரு கூட்டம் நடத்தியது. கல்வியில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்க 1972இல் வந்த ‘டைட்டில் ஒன்பது’ சட்டம் இல்லாமல் இந்தத் துறையைப் பேசவே முடியாது. மாணவியருக்கான வாய்ப்பு அவர்களின் சேர்க்கை விகிதத்துக்கு ஈடாக இருக்கிறதா என்று பார்ப்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. ஆகவே ஓர் அணியை நிறுத்துவதற்கு முன் இயக்குநர் வரவுசெலவோடு சேர்த்து இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜூடித் ஸ்வீட், 1975இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஆண், பெண் இரு பாலருக்குமான விளையாட்டுத் துறைப் பொறுப்பை ஏற்று, 1991இல் என்.சி.ஏ.ஏ.வின் முதல் பெண் தலைவரானவர். அவரைப் பற்றி நம் இளைய உறுப்பினர் ஒருவர் பேசியது இந்த ஆண்டின் மிகச் சிறந்த உரை.

பயணம் பற்றியும் பேசினோம். 2024இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம், தங்களுக்குள் போட்டியிடும் பல்கலைக்கழகங்களின் ‘பிக் டென்’ கூட்டமைப்பில் சேர்ந்தது. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் அதே கூட்டமைப்பில்தான் இருக்கிறது. இடையில் ஏறக்குறைய 4,000 கி.மீ. பயிற்சிக்கும் போட்டிக்கும் வாரத்துக்கு 20 மணி நேரம் என்று விதி இருக்கிறது, விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் வராது. கால்பந்தின் ஒளிபரப்புக்காகச் செய்த ஒப்பந்தத்தில் வாலிபால் பெண்கள் செவ்வாய்க்கிழமைத் தேர்வைத் தவறவிட்டால் யார் பொறுப்பு என்று ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை.

வாண்டர்பில்ட் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். 2003இல் அங்கே வேந்தர் கார்டன் கீ, தனி விளையாட்டுத் துறையையே கலைத்து மாணவர் வாழ்வுப் பிரிவோடு சேர்த்தார். கேலி நிறைய வந்தது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் தேசிய அணிப் பட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது, 2007இல், அதுவும் பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பெண்கள் பௌலிங்கில்! பேஸ்பால் பட்டங்கள் 2014, 2019இல். இயக்குநர் என்ற பதவிப் பெயர் பின்னால் திரும்பி வந்துவிட்டது. கலைத்ததால்தான் வென்றார்கள் என்று யாரும் சொல்லவில்லை. விளையாட்டு, பல்கலைக்கழகத்தின் மற்ற பகுதிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது என்பதற்கு இது போதும்.

நூலகத்துக்கு அலமாரி வாங்கும் திட்டம் நிதி இல்லாமல் தள்ளிப்போடப்பட்டது. ஆண்டு மலர் வெளிவந்தது, விளம்பரங்கள் குறைவு.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு பரிந்துரைகளை வைக்கிறது. பயிற்சியாளர் ஒப்பந்தங்களை, குறிப்பாக இடையில் நீக்கினால் தர வேண்டிய தொகையை, தனிப் பேசுபொருளாக எடுப்பது ஒன்று. மாணவ வீரர்களையே அழைத்துப் பேசவைப்பது மற்றொன்று. இரண்டையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைத்து, கணக்கறிக்கைக்காகப் பொருளாளரை அழைக்கிறேன்.

செயலாளர்