பத்து சிசி கூடினால் பிரீமியம் ஏன் இரட்டிப்பாகிறது?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒருவர் இரண்டு பைக் இன்சூரன்ஸ் பாலிசித் தாள்களை மேஜையில் போட்டார். ஒன்று தம்பியின் பல்சர் 150, இன்னொன்று அவருடைய அப்பாச்சி 160. "தேர்டு பார்ட்டி அவனுக்கு 714, எனக்கு 1,366-ஆ? பத்து சிசிதானே கூட!" நியாயமான கேள்வி. இதையே பலரும் கேட்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறோம்.

தேர்டு பார்ட்டி என்பது உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ். அதன் கட்டணத்தை நாங்களோ கம்பெனியோ வைப்பதில்லை, மத்திய அரசு வைக்கிறது, அதனால் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே தொகைதான், எங்களிடம் பேரம் பேசிப் பயனில்லை. 2022 ஜூன் 1-இல் வந்த கட்டணப்படி வருஷத்துக்கு 75 சிசி வரை 538 ரூபாய், 150 வரை 714, அதைத் தாண்டி 350 வரை 1,366, அதற்கும் மேல் 2,804. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. பல்சர் 149.5 சிசி, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது, அப்பாச்சி 159.7, அந்தப் பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். எக்ஸ்எல் 100-இல் காய்கறி மூட்டை ஏற்றுகிறவரும் பல்சர்காரரும் கட்டுவது ஒரே தொகை. புல்லட் 349 சிசிதான், எவ்வளவு 'டுப் டுப்' போட்டாலும் அப்பாச்சியோடுதான் வரிசையில் நிற்கும்!

புது வண்டிக்கு தேர்டு பார்ட்டி 5 வருஷத்துக்கு மொத்தமாகப் போட வேண்டும். 75-ஐத் தாண்டி 150 வரை 3,851, 350 வரை 7,365, அதற்கு மேல் 15,117. இன்டர்செப்டர் 650 எடுக்கப் போகிறவர்கள் இந்த 15,117-ஐயும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசப்படுவது ஓடி (ஓன் டேமேஜ்) பிரீமியம், அதாவது உங்கள் வண்டி அடிபட்டாலோ திருடு போனாலோ கிடைக்கும் பாதுகாப்புக்கான தொகை. இதிலும் சிசி கணக்கில் வரும், ஆனால் வண்டியின் அன்றைய மதிப்பான ஐடிவிதான் பெரிய விஷயம். கிளெய்ம் எடுக்காத வருஷங்களுக்கு 20-இல் தொடங்கி 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு, அது ஓடிக்கு மட்டும். "நான் ஒரு கிளெய்மும் எடுக்கலையே, தேர்டு பார்ட்டியைக் குறைங்க" என்று கேட்டால் நாங்கள் சிரித்துவிட்டு டீ சொல்வோம்.

அப்புறம், பிரீமியம் குறைச்சலாகக் காட்டுகிறது என்று சந்தோஷப்படும் முன் பாலிசியில் போட்டிருக்கும் சிசியை ஆர்சி புக்கோடு ஒத்துப் பாருங்கள். ஒருமுறை எங்கள் கடையிலேயே 159-ஐ 149 என்று அடித்துவிட்டோம், வாடிக்கையாளர்தான் கண்டுபிடித்தார். புதுப்பிக்க வரும்போது ஆர்சியைக் கையோடு கொண்டு வாருங்கள்.