தண்டையார்பேட்டை மாடியில் ஏழு நெல்

தண்டையார்பேட்டை,
தை 20

அன்புள்ள கண்ணையா,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், மாடிப்படிக்குக் கதவு போட்டாயிற்று.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நெட்டையான சிவப்பு நாட்டு நெல் குடவாழை சாய்ந்துபோய் அறுவடை மிஷின்காரர் கூடுதல் கூலி கேட்கிறார், வடிகால் ஓரத்து உப்பு மூலையை இனி தரிசாகவே போட்டுவிடலாம், மிச்சமிருக்கும் விதைநெல்லையும் அவித்துவிடலாமா என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்டா. இதைச் சொல்லத்தான் அவசரமாக உட்கார்ந்தேன்.

ஆடியில் நீ கொடுத்தனுப்பிய ஒரு பிடி குடவாழையை என்ன செய்தேன் என்று உனக்கு இதுவரை சொல்லவில்லை. மாடியில் பழைய பெயின்ட் வாளிகளில் விதைத்தேன். திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் வரை போய் டி.கே.எம். 13 விதையும் வாங்கி வந்தேன். குட்டைப் பயிர், சாயாது, சன்ன அரிசி. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டுமே, அதனால் அதைப் பத்து நாள் இடைவெளி விட்டு மூன்று தடவையாக விதைத்தேன்.

எங்கள் தெரு போர் தண்ணீர் உனக்குத் தெரியும், வாயில் வைத்தால் கரிக்கும். மெட்ரோ தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே சரியாக இருக்கிறது. நெல்லுக்குப் போர் தண்ணீர்தான் ஊற்றினேன். ஒரு மாதத்துக்குள் டி.கே.எம். 13 இலைகள் நுனியிலிருந்து வெளுத்துச் சுருண்டன. பக்கத்து வாளியில் அதே தண்ணீரைக் குடித்த உன் அப்பாவின் குடவாழை கரும்பச்சையாக நின்றது. இரண்டையும் கலந்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இத்தனை வருஷம் கரும்பலகையில் ‘ஆண்மலடாக்குதல்’, அதாவது பூவின் மகரந்தப்பைகளை நீக்குவது, என்று எழுதிப் பாடம் நடத்தியிருக்கிறேன், ஒரு நெற்பூவில் செய்து பார்த்தது இப்போதுதான். சாயங்காலம் நாலு மணிக்கு மேல், கதிர் பாதி வெளியே வந்த டி.கே.எம். 13 பயிராகப் பார்த்து, ஒவ்வொரு பூவையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். உமிக்குள் மகரந்தப்பைகள் பாதி உயரம் வந்திருந்தால் அது மறுநாள் பூக்கும். உமியின் மேல்பாகத்தைச் சின்னக் கத்தரியால் சாய்வாக வெட்டிவிட்டு, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுக்க வேண்டும். ஐந்தை எடுத்து ஒன்றை விட்டாலும் போயிற்று, பூ தன் மகரந்தத்திலேயே சூல் கொண்டுவிடும். 42 பூக்கள் செய்து முடிக்க இருட்டிவிட்டது. பட்டர் பேப்பர் உறை மாட்டிக் கட்டிவிட்டுக் கீழே வந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வெயில் அடித்தது. குடவாழைக் கதிரை வெட்டி எடுத்து வந்து உறைக்குள் தலைகீழாகத் தட்டினேன். மஞ்சள் தூசி பறந்ததைக் கண்ணால் பார்த்தேன். நெல் மகரந்தத்தின் ஆயுள் சில நிமிஷம்தான், நின்று ரசிக்க நேரமில்லை. அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. கடைசியில் ஏழே ஏழு நெல்மணி பிடித்தது.

உமியை வெட்டிவிட்டதால் அந்த ஏழும் தலை வெளியே நீட்டிக்கொண்டுதான் முற்றின. தினமும் போய்ப் பார்ப்பேன். சிவப்பு ஏறவே இல்லை, வெளிர் பழுப்பாகவே இருந்தன. கலப்பு தோற்றுவிட்டது என்று இரண்டு நாள் மனம் சரியில்லை. அப்புறம்தான் உறைத்தது. அரிசியின் மேல்தோல் தாயின் திசு, கலப்பில் பிறந்தது உள்ளே இருக்கும் கரு. தகப்பனின் சிவப்பு அடுத்த தலைமுறை அரிசியில்தான் தெரியும். கலப்பு பலித்ததா என்பதை இந்த விதைகள் முளைத்து வளரும் உயரத்தில் கண்டுகொள்ளலாம். நெட்டையாக வந்தால் குடவாழையின் பிள்ளை, குட்டையாக வந்தால் நான் எங்கோ ஒரு மகரந்தப்பையை விட்டிருக்கிறேன்.

பக்கத்து வயலில் சி.ஆர். 1009 சப்-1 நெல் பத்து நாள் தண்ணீரில் முழுகியும் எழுந்து நின்றதே என்று ஆச்சரியப்பட்டிருந்தாய். சாதாரண நெல் முழுகினால் மூச்சுக்காகத் தவித்து உயரமாக வளரப் பார்க்கும். அதிலேயே சேமிப்பு மாவுச்சத்து தீர்ந்து, தண்ணீர் வடியும்போது துவண்டு விழும். சப்-1 என்ற மரபணு உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். அந்தக் குணம் ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நாட்டு நெல்லிலிருந்து வந்தது. விளைச்சல் குறைவான நெல். அதையும் யாரோ வைத்திருந்ததால்தான் கிடைத்தது. திரூரில் வளர்த்தெடுத்த டி.கே.எம். 6 கூட அப்படித்தான். தண்டுத்துளைப்பான் பூச்சியைத் தாங்கும் அதன் குணத்துக்காகவே பிலிப்பைன்ஸில் அதைக் கலப்புக்கு எடுத்தார்கள். அதிலிருந்து 1969இல் ஐ.ஆர். 20 நெல் வந்தது, உன் அப்பாவே பயிர் வைத்தாரே.

இப்போது மரபணுவையே திருத்துகிறார்களே, இடுக்கி எதற்கு என்று நீ கேட்பாய். 2025 மே மாதம் அப்படி இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்கள். அதில் ஒன்று எம்.டி.யு. 1010 என்ற நெல்லில் டி.எஸ்.டி. என்ற மரபணுவைத் திருத்தியது, உப்பையும் வறட்சியையும் தாங்குவதற்காக. நல்ல வேலை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்த இடத்தில்தான் திருத்த முடியும். உப்பைத் தாங்கும் குணம் ஒரு மரபணுவோடு முடிவதில்லை, பல சேர்ந்து நடத்தும் காரியம். குடவாழை அதை எப்படிச் செய்கிறது என்பது அதன் விதைக்குள் இருக்கிறது. அந்த விதையைத்தான் நீ அவிக்கப் பார்க்கிறாய்.

இனி உன் நிலத்துக்கு வருகிறேன். இந்த விதைகள் வளர்ந்து தரும் நெல்லிலிருந்து 160 செடி நட்டோம் என்று வை. குட்டைக் குணம் ஒடுங்கியது, தாய் தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால்தான் தெரியும், அதனால் நாலில் ஒன்றுதான் குட்டையாக வரும். அதாவது 40. சிவப்பு ஓங்கியது, ஒரு பக்கம் வந்தாலே தெரியும், அந்த 40இல் 30 சிவப்பாக இருக்கும். ஆனால் அதில் சுமார் பத்துதான் அடுத்த தலைமுறையிலும் சிவப்பு மாறாதது. எந்தப் பத்து என்று கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு செடி நெல்லையும் தனித்தனி வரிசையாக நட்டு, வெள்ளை கலக்காத வரிசையைப் பொறுக்க வேண்டும். உப்புக்கு இப்படிக் கணக்கே கிடையாது. உப்பு மண்ணில் நட்டு, எது நிற்கிறது என்று பார்ப்பதுதான் வழி. என் வாளிகளில் பதினைந்து செடிக்கு மேல் இடமில்லை. உன் மூலை நிலத்தில் இடமும் இருக்கிறது, உப்பும் இருக்கிறது. அதைவிட நல்ல தேர்வுக்களம் இதற்குக் கிடைக்காது.

குணம் நிலைக்க ஆறேழு தலைமுறை ஆகும், வருஷத்துக்கு ஒன்று என்றால் ஆறேழு வருஷம். நமக்கு இப்போது 66. உன் மகன் வரப்பில் நின்று பார்க்கப் பழகட்டும், நோட்டில் எழுதிவைக்க நான் சொல்லித் தருகிறேன்.

எனக்குப் பத்து சென்ட் போதும். அந்த மூலையைத் தரிசு போடாதே. குடவாழை விதையை நன்றாகக் காயவைத்து நொச்சி இலை போட்டுச் சாக்கில் கட்டி வை. மாசியில் என் மச்சினன் வேளாங்கண்ணி வருகிறான், ஒரு மரக்கால் அவனிடம் கொடுத்துவிடு. விதை ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் எனக்கு பயமாக இருக்கிறது.

ஏழில் ஐந்தை நேற்று ஊறப்போட்டேன். இரண்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். ஆவணியில் நெல்லோடு நானே வருகிறேன், நாற்றங்கால் தயாராக இருக்கட்டும்.

உன்,
சுந்தரம்