முதியோர் மருத்துவம்தான் வேண்டுமாம்

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளை,

டாக்டருக்குப் படித்த என் மகளுக்கு மேற்படிப்பில் என்ன சீட் கிடைத்தது என்று கேட்டிருந்தாய். சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.டி. முதியோர் மருத்துவம். கிடைத்தது என்பதைவிட, அவளே கேட்டு வாங்கியது.

வீட்டில் பத்து நாள் வாக்குவாதம். அவள் ரேங்குக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் ரேடியாலஜி வந்திருக்கும். ராத்திரி டியூட்டி இல்லை, தோல் மருத்துவம் எடுக்கட்டும் என்றார்கள் சொந்தக்காரர்கள். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன், இனியும் மூன்று வருடம். நல்ல வருமானம் வருவதை எடுத்தால் என்ன என்று நானும் சண்டை போட்டேன். போன வருடம் எந்த ரேங்கில் எந்த சீட் முடிந்தது என்று பார்த்துத்தான் பிள்ளைகள் பட்டியல் போடுகிறார்கள். வார்டில் ஒரு வருடம் நின்று பார்த்தது அந்தப் பட்டியலில் ஏறுவதே இல்லை. எனக்கு அது பெரிய ஆதங்கம்.

இவளுக்கு அது ஏறியது, ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது வார்டுக்கு வந்த ஒரு ஆச்சியால். வயது 82, தலைசுற்றி வளவுப் படியில் விழுந்தவர். பக்கவாதமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. இவள் ஆச்சியின் மஞ்சப்பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்திருக்கிறாள். இரண்டு டாக்டர்கள் ஒரே பிரஷர் மாத்திரையை வேறு வேறு பெயரில் எழுதியிருக்கிறார்கள், கூடவே தூக்க மாத்திரை. படுத்திருக்கும்போது 150 இருந்த பிரஷர் எழுந்து நின்றதும் 110. மாத்திரையைக் குறைத்ததும் நான்காம் நாள் ஆச்சி தானாக நடந்தார். "எழுதிய ஒவ்வொருத்தரும் தன் மருந்துச் சீட்டைத்தான் பார்த்தாங்கப்பா, எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை" என்றாள். அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

நாட்டிலேயே முதலில் இந்த எம்.டி. தொடங்கியது அந்தக் கல்லூரியில்தான், 1996இல். கிண்டியில் இதற்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறந்தார்கள். நம் தெருவை நினைத்துப் பார். பாதி வீடு பூட்டு. திறந்திருக்கும் வீட்டில் முகப்பில் ஒருவர், உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒருவர். பிள்ளைகள் சிங்கப்பூரில், அமெரிக்காவில். இவள் படித்துவிட்டு ஊருக்கே வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அயித்தைக்கு அடிக்கடி கிறுகிறுப்பு வருகிறது என்று எழுதியிருந்தாயே. வீட்டிலுள்ள மாத்திரை அட்டை, பழைய சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைக்கச் சொல். எதையும் தானாக நிறுத்த வேண்டாம். மகள் சென்னைக்குக் கிளம்புமுன் ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டைக்கு வந்து பார்க்கிறோம்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை