1989 பாரிஸ்: மறந்துவிட்ட மற்றொரு 17 வயது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரெஞ்சு ஓபன் டென்னிஸின் பழைய நாட்களைப் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். 1989-க்கு ஒதுக்கிய பத்தியை, இவான் லெண்டிலுக்கு எதிராக அமெரிக்க வீரர் மைக்கேல் சாங், வழக்கம்போல் தலைக்கு மேலிருந்து அடிக்காமல் கையைத் தாழ்த்திப் போட்ட சர்வ் (புள்ளியைத் தொடங்கும் அடி) ஒன்றே அடைத்துக்கொண்டது ஏமாற்றமாக இருந்தது.

அது ஒரே ஒரு புள்ளி. முதல் இரண்டு செட்களையும் இழந்த 17 வயது சாங், உலகின் முதல் நிலை வீரரிடமிருந்து அடுத்த இரண்டையும் அதற்கு முன்பே பறித்திருந்தார். காலில் கடும் தசைப்பிடிப்பு. இடைவேளைகளில் உட்காராமல் நின்றபடியே வாழைப்பழம் தின்றார். பந்தை உயரத் தூக்கியடித்து மூச்சுவாங்க நேரம் தேடிக்கொண்டார். பந்தின் வேகத்தைக் குறைக்கும் செங்கல் தூள் தரை என்பதால் அது பலித்தது. விம்பிள்டன் புல்தரையில் பலித்திருக்காது. பெற்றோர் வழியில் சீன வம்சாவளியினரான அவர் அன்று ஆடியது, பெய்ஜிங்கில் போராட்டக்காரர்களைச் சீன ராணுவம் சுட்டுக்கொன்ற தியானன்மென் படுகொலைக்கு மறுநாள். கட்டுரை இதையும் தொடவில்லை.

என் பெரிய மனக்குறை வேறு. அதே ஆண்டு மகளிர் பட்டத்தை வென்ற அரான்ட்சா சான்செஸுக்கும் வயது 17. அவருக்குக் கிடைத்தது அரை வரி! எதிரே நின்றவர் ஸ்டெஃபி கிராஃப். ஆண்டுதோறும் நடக்கும் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாமில் தொடர்ச்சியாக ஐந்து பட்டங்களை வென்றிருந்தவர். முந்தைய ஆண்டு இதே இறுதிப் போட்டியில் எதிராளிக்கு ஒரு கேம்கூடக் கொடுக்காமல் 6-0, 6-0 என முடித்தவர். மூன்றாவது செட்டில் 5-3 என முன்னிலை பெற்று, ஆட்டத்தை முடிக்க சர்வ் போட வந்தார். அங்கிருந்து நான்கு கேம்களையும் வரிசையாக அரான்ட்சா எடுத்தார்: 7-6, 3-6, 7-5. எட்டாத பந்தென்று எதையும் விடாமல் ஓடினார் அந்தப் பெண். ஸ்பெயின் நாட்டுப் பெண் ஒருவர் பிரெஞ்சு ஓபன் ஒற்றையர் பட்டம் வென்றது அதுவே முதல் முறை.

அந்த ஆண்டின் மற்ற மூன்று பட்டங்களும் ஸ்டெஃபிக்கே. அந்தச் சனிக்கிழமை மட்டும் தோற்காமல் இருந்திருந்தால், 1988-ஐப் போலவே நான்கையும் ஒரே ஆண்டில் வென்றிருப்பார். தடுத்தவருக்கு அரை வரி போதுமா?

சாங்கின் சர்வை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அரான்ட்சாவின் அந்தக் கடைசி நான்கு கேம்களைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருநெல்வேலி