மாப்ள, அந்த ஃப்யூசரை இப்போதைக்கு வாங்காதே

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவள் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், சாயங்காலம் ஆறு மணியானால் அவள் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், அந்த நேரத்தில் நான் காபி கேட்டால் முறைப்புதான் கிடைக்கிறது. எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

லேசர் பிரிண்டர் விஷயத்துக்கு வருகிறேன். முத்திரைத்தாளில் அடித்த பத்திரத்தைத் தொட்டால் எழுத்து விரலோடு வருகிறது, உங்கள் ஊர் மெக்கானிக் ஃப்யூசர் அசெம்பிளியையே (சூட்டால் எழுத்தைத் தாளில் ஒட்டவைக்கும் பாகம்) மாற்றச் சொல்கிறார், கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது 50.4 என்று எர்ரர் வேறு வருகிறது என்று எழுதியிருக்கிறாய். நீ எல்லாவற்றையும் ஒரே நோயாகப் பார்க்கிறாய். எனக்கென்னவோ இரண்டும் வேறு வேறு வியாதி, இரண்டிலுமே ஃப்யூசர் மேல் குற்றம் இல்லாமலும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. அவர் சொன்ன விலையை எடுத்துக் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறு.

நீ எழுத மறந்த ஒன்று இருக்கிறது. சாதா ஏ4 தாளில் அடித்தால் எழுத்து ஒட்டுகிறதா இல்லையா? அதில் நன்றாக ஒட்டி, முத்திரைத்தாளில் மட்டும் உதிர்கிறது என்றால் ஃப்யூசரைத் தொடவே வேண்டாம். டோனர் என்பது மை இல்லை, பிளாஸ்டிக் பொடி. ஃப்யூசர் ஏறக்குறைய 180, 200 டிகிரி சூட்டில் அதை உருக்கித் தாளின் நாருக்குள் அழுத்துகிறது, இஸ்திரிப் பெட்டி வேலைதான். தாள் தடிமனாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் சூட்டைத் தாளே குடித்துவிடும், பொடி மேலோடு உட்கார்ந்துகொண்டு அப்புறம் உதிரும். பிரிண்ட் கொடுக்கும்போது பேப்பர் டைப் என்ற இடத்தில் எல்லாரும் ‘பிளெய்ன்’ என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதை ‘ஹெவி’ என்றோ ‘ரஃப்’ என்றோ மாற்றினால் மெஷின் சூட்டைக் கூட்டும், அல்லது தாளை மெதுவாக விடும், சிலது இரண்டையும் செய்யும். டிரே செட்டிங்கிலும் அதையே போடு, இல்லாவிட்டால் இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் மெஷின் வீம்பு பிடிக்கும். முத்திரைத்தாளை வீணாக்காமல் முதலில் தடி பாண்ட் ஷீட்டில் அடித்துத் தேய்த்துப் பார். உங்கள் தெருவில் பத்திரம் எழுதும் ஆபீஸ்களில் பாதிப் பேருக்கு இந்த ஒரு செட்டிங் போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஏ4 தாளிலும் உதிர்கிறது என்றால் எங்கே உதிர்கிறது என்று பார்க்கணும். தாளின் ஒரு ஓரத்தில் மட்டும் என்றால் அழுத்தும் ஸ்பிரிங் ஒரு பக்கம் தளர்ந்திருக்கும். காலையில் முதல் பக்கம் மட்டும் உதிர்ந்து அப்புறம் சரியாகிறது என்றால் மெஷின் முழுச் சூடு ஏறுவதற்குள் தாளை விடுகிறது. முழுப் பக்கமும், எந்தத் தாளிலும் உதிர்கிறது என்றால் சமீபத்தில் கார்ட்ரிட்ஜை எங்கே ரீஃபில் செய்தாய் என்று யோசி. மலிவான டோனர் சிலது வேறு சூட்டில் உருகும், புது ஃப்யூசர் போட்டாலும் அது ஒட்டாது, பழி மட்டும் ஃப்யூசருக்கு.

மங்கல், புள்ளி, நிழல் மாதிரி வேறு கோளாறு ஏதாவது இருந்தால் அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, செலவே இல்லை. கறுப்பு நிறைய இருக்கிற பக்கம் ஒன்றை அடிக்கக் கொடு. தாள் உள்ளே போய், முன் விளிம்பு ஃப்யூசருக்குள் நுழைந்திருக்கும் என்று தோன்றும்போது மேல் கதவைத் திற, மெஷின் அப்படியே நின்றுவிடும். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துவிட்டு, தாளை இழுக்காமல் குனிந்து பார். ஃப்யூசருக்கு இந்தப் பக்கம் இருக்கிற எழுத்து இன்னும் வெறும் பொடிதான், ஊதினால் பறக்கும், ஆனால் உருவம் தெளிவாகத் தெரியணும். அங்கேயே மங்கலாகவோ புள்ளியாகவோ இருந்தால் கோளாறு கார்ட்ரிட்ஜிலோ, லேசரிலோ, பொடியைத் தாளுக்கு இழுக்கும் டிரான்ஸ்ஃபர் ரோலரிலோ. அங்கே சுத்தமாக இருந்து, ஃப்யூசரைத் தாண்டிய பிறகு கெட்டுப்போகிறது என்றால்தான் ஃப்யூசரைப் பிடிக்கலாம். பொடி சட்டையில் பட்டால் தட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசு. வெந்நீர் போட்டாயோ அங்கேயே உருகி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் என் வீட்டுக்காரியின் வாயில் நான் விழுந்த மாதிரி நீயும் விழுவாய்.

ஒரே கறை திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேல் வைத்து இடைவெளியை அள. எந்த உருளை அழுக்கோ அதன் சுற்றளவுக்கு ஒருமுறை கறை விழும். 24 மி.மீ. விட்டமுள்ள டிரம் (எழுத்தின் உருவம் முதலில் விழும் உருளை) என்றால் சுமார் 75 மி.மீ.க்கு ஒருமுறை, 30 மி.மீ. டிரம் என்றால் சுமார் 94 மி.மீ.க்கு ஒருமுறை. ஃப்யூசர் ரோலருக்கு வேறு கணக்கு வரும், அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இந்த அளவுகளைப் போட்டிருப்பார்கள்.

இப்போது அந்த 50.4. எச்பி மெஷின்களில் 50 என்று தொடங்கினால் ஃப்யூசர் சம்பந்தப்பட்டது என்பது சரிதான், அதை வைத்துத்தான் உன் மெக்கானிக் முடிவுக்கு வந்திருப்பார். ஆனால் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண்ணைப் படிக்கணும். பெரிய ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் .1 என்றால் சூடு போதவில்லை, .2 என்றால் சூடேற நேரமாகிறது, .3 என்றால் சூடு மீறிவிட்டது. .4 வந்தால் ஃப்யூசருக்குக் கரண்ட் கொடுக்கும் சர்க்யூட்டைத்தான் முதலில் பார்ப்பது வழக்கம். மெஷின் ஏசி அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தைப் பார்த்துத்தான் ஹீட்டருக்குக் கரண்டை விடும். சதுர அலை இன்வெர்ட்டர் கொடுக்கிற கரண்டில் அந்தக் கணக்கு குழம்பிவிடும். போதாததற்கு, சூடேறும்போது ஃப்யூசர் ஆயிரம் வாட்டுக்குப் பக்கத்தில் இழுக்கும், ஆபீஸில் டியூப் லைட் ஒரு வினாடி மங்குவதைப் பார்த்திருப்பாயே, அதுதான். உங்கள் சின்ன இன்வெர்ட்டர் அதைத் தாங்குமா? பிரிண்டரை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்து நேர் லைனில் தனி பிளக்கில் போடு. கரண்ட் இல்லாதபோது டைப் மட்டும் பண்ணு, வந்ததும் அடி. நேர் லைனிலும் அதே எர்ரர் வந்தால் எழுது, அப்போது பவர் போர்டைப் பார்ப்போம்.

வோல்டேஜையும் ஒருதரம் அளந்து வை. 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் ஹீட்டருக்குக் கிடைக்கும் பவர் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான், வோல்டேஜ் வர்க்கத்தில் குறைகிற சமாச்சாரம் அது. சாயங்காலத்தில் மட்டும் எழுத்து உதிர்கிறது என்றால் இதையும் சந்தேகப்படு.

இதெல்லாம் தாண்டியும் ஃப்யூசர்தான் என்று ஆகிவிட்டால், பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, வெளியே எடுத்து மீட்டர் வைக்கச் சொல். உள்ளே ஹாலோஜன் பல்பு இருக்கிற வகை என்றால் குளிர்ந்த நிலையில் சில ஓம்தான் காட்டும், செராமிக் ஹீட்டரும் மெல்லிய ஸ்லீவும் (நம் ஆட்கள் டெஃப்ளான் என்பார்களே, அது) இருக்கிற வகை என்றால் பத்துக்கணக்கான ஓம் காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஹீட்டரோ, சூடு மீறினால் கரண்டை அறுக்கும் தெர்மல் ஃப்யூஸோ போயிருக்கிறது. சூட்டை அளக்கும் தெர்மிஸ்டர் குளிரில் பல நூறு கிலோ ஓம் வரை காட்டும், ஹேர் டிரையர் பிடித்தால் மளமளவென்று இறங்கணும், இறங்காவிட்டால் அதுதான் செத்தது. கியரைக் கையால் சுற்றி ஸ்லீவ் கிழிந்திருக்கிறதா பார். பெரும்பாலும் யாராவது ஸ்டேப்ளர் பின் எடுக்காமல் தாளை விட்டிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தெர்மல் ஃப்யூஸ் போய்விட்டது என்று அதன் மேல் ஒரு ஒயரைச் சுற்றி ஓட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடு. அந்த ஃப்யூஸ் சும்மா போகாது, தெர்மிஸ்டர் விலகியோ, ஹீட்டருக்குக் கரண்டை விடும் டிரையாக் ஷார்ட் ஆகியோ சூடு மீறியதால்தான் போகும். உன் ஆபீஸில் சுவர் பூரா அடுத்தவன் சொத்துப் பத்திரம். 1959-ல் வந்த ஜெராக்ஸ் 914 மெஷின் தீப்பிடிக்கும் என்று கூடவே தீயணைப்பான் கொடுத்து, அதற்கு ‘ஸ்கார்ச் எலிமினேட்டர்’ (கருகல் நீக்கி) என்று நாசூக்காகப் பெயரும் வைத்தார்கள். இப்போது அந்த வேலையை அந்தச் சின்ன ஃப்யூஸ்தான் பார்க்கிறது.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் சொல், சென்னை ரிச்சி தெருவில் நானே பார்க்கிறேன். அங்கே பழைய இறக்குமதி மெஷின்களிலிருந்து கழற்றிய ஃப்யூசர் சல்லிசாகக் கிடைக்கும், ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்தது 110 வோல்ட். பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும், பார்ட் நம்பர்தான் மாறும். அதை நம் 230-ல் போட்டால் நாலு மடங்குக்கு மேல் பவர் பாயப் பார்க்கும். நல்ல மெஷின் என்றால் எர்ரர் கொடுத்து நிற்கும், இல்லாவிட்டால் ஹீட்டர் காலி.

அதனால் முதலில் பாதியில் நின்ற அந்தத் தாளின் போட்டோ, ஃப்யூசர் மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரின் போட்டோ, இன்வெர்ட்டர் எத்தனை விஏ திறன் என்ற விவரம், மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஆவணியில் கல்யாணத்துக்கு எப்படியும் வருகிறாய்தானே, தங்கல் நம் வீட்டில்தான், லாட்ஜ் கீட்ஜ் என்று ஆரம்பிக்காதே. வரும்போது உன் மெக்கானிக்கிடம் கழித்துப்போட்ட ஃப்யூசர் ஏதாவது கிடந்தால் கேட்டு வாங்கி வா, ஸ்பிரிங்கும் கியரும் எனக்கு ஆகும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்